ஃபெர்னெட் பிராங்கா மருந்தா, மதுவா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புவெனஸ் ஐரிஸில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, கழுகுப் படம் போட்ட ஒரு பச்சைப் பாட்டிலைக் கொடுத்திருக்கிறார். திறந்து ஒரு வாய் குடித்தால் இருமல் மருந்து மாதிரி இருக்கிறதாம். இது என்ன பானம், எந்த ஊர்ச் சரக்கு, இதை யாராவது விரும்பிக் குடிப்பார்களா, மீதிப் பாட்டிலை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடிப் பதில்: அது ஃபெர்னெட் பிராங்கா. இத்தாலியின் மிலன் நகரத்துச் சரக்கு. 39 சதவீதம் ஆல்கஹால் உள்ள மது. அதாவது விஸ்கி, ரம் அளவுக்கே போதை உண்டு. ஆனால் பிறந்தது முதல் சுமார் நூறு வருடம் அது மருந்து என்று சொல்லியே விற்கப்பட்டது. இன்றைக்கும் அதைக் குடிப்பவர்களில் பாதிப்பேர் வயிற்றைச் சாக்காகச் சொல்லித்தான் குடிக்கிறார்கள். இருமல் மருந்து மாதிரி இருக்கிறது என்றீர்களே, அது பழிச்சொல் இல்லை. அந்தக் குடும்பத்து ஜாதகமே அப்படித்தான்.

இத்தாலியில் ‘அமாரோ’ என்று ஒரு பெரிய பானக் குடும்பம் இருக்கிறது. வேர், பட்டை, பூ, பழத்தோல் இவற்றை ஆல்கஹாலில் ஊறவைத்து, சர்க்கரை சேர்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கிளாஸில் குடிக்கும் கசப்புப் பானங்கள். ஊருக்கு ஒன்று உண்டு. மிலனில் 1815-இல் ராமாசோத்தி வந்தது. சிசிலியின் கால்தானிசெத்தாவில் 1868-இல் அவெர்னா வந்தது. அதன் செய்முறையைக் கப்புச்சின் துறவி ஒருவர் கொடுத்தார் என்பது அந்தக் குடும்பத்தின் வரலாறு. போலோஞாவில் 1885-இல் மோந்தேநேக்ரோ. கூனைப்பூ இலையில் செய்யும் சினார் இவர்களுக்கெல்லாம் கடைக்குட்டி, 1952. இவற்றில் பெரும்பாலானவை இனிப்பும் கசப்புமாக, நாக்கோடு சமாதானம் பேசிக்கொண்டே இறங்கும். சினாரில் ஆல்கஹால் 16.5 சதவீதம், மோந்தேநேக்ரோவில் 23, அவெர்னாவில் 29. ஃபெர்னெட் இந்தச் சமாதானத்துக்கெல்லாம் வராத ஆள். இனிப்பு குறைவு, கசப்பு அதிகம், போதை அதிகம், போதாக்குறைக்கு நாசியில் ஏறும் ஒரு கற்பூர வாசனை. அமாரோ பழக்கமே இல்லாதவர் முதலில் இதைத் திறந்தால் முகம் சுளிக்காமல் இருக்க முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஃபெர்னெட் என்பது வகையின் பெயர், பிராங்கா என்பது நிறுவனத்தின் பெயர். லுக்சார்தோ, வித்தோனே என்று வேறு நிறுவனங்களும் ஃபெர்னெட் செய்கின்றன. ஆனால் உலகத்தில் யாராவது சும்மா ‘ஃபெர்னெட்’ என்று கேட்டால், கடைக்காரர் கை பெரும்பாலும் பிராங்காவைத் தேடித்தான் போகும்.

1845-இல் பெர்னார்தீனோ பிராங்கா என்பவர் மிலனில் இதைச் செய்து விற்கத் தொடங்கினார். மருந்துச் சரக்குகளைத் தானாகவே கற்றுக்கொண்டவர் அவர். அன்றைக்கு இத்தாலி என்று ஒரே நாடு கிடையாது. மிலன் ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. 1830-களிலிருந்து ஐரோப்பா முழுக்கக் காலரா அலையலையாக வந்துபோய்க்கொண்டிருந்தது. நோய் எதனால் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஃப்ளோரன்ஸில் ஃபிலிப்போ பாச்சீனி காலராக் கிருமியை நுண்ணோக்கியில் பார்த்தது 1854-இல். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராபர்ட் கோஹ் 1884-இல் நிறுவிய பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் கசப்பாகவும் காரமாகவும் இருந்த எதுவும் வாந்திபேதிக்கு மருந்தாகிவிடும் சூழ்நிலை. பெர்னார்தீனோவின் மகன்களான பிராங்கா சகோதரர்களின் பழைய விளம்பரங்களில் ஃபெர்னெட் காய்ச்சலைத் தணிக்கும், குடற்புழுவை வெளியேற்றும், உடம்புக்குச் சூடு தரும், காலராவைத் தடுக்கும் என்று பட்டியலே போட்டிருந்தார்கள். மிலனின் ஃபாத்தேபெனெஃபிராத்தெல்லி மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தார்கள் என்பதும் நிறுவனம் சொல்லிவரும் வரலாற்றில் உண்டு. கொடுத்திருக்கலாம். குணமாயிற்றா என்பது வேறு விஷயம். காலராவில் உடம்பு இழப்பது தண்ணீரையும் உப்பையும். அதற்கு 39 சதவீத ஆல்கஹால் எந்த விதத்திலும் மாற்று இல்லை.

ஆரம்ப காலத்தில் இந்தச் செய்முறைக்குச் சொந்தக்காரராக இன்னொருவர் பெயரும் அடிபட்டது: ‘டாக்டர் ஃபெர்னெட்’ என்ற சுவீடன் நாட்டு வைத்தியர். அவர் நீண்ட ஆயுள் வாழ்ந்தவர் என்றும், இந்தக் கசப்புதான் அதற்குக் காரணம் என்றும் கதை. விற்பனைக்காகக் கட்டிய கதை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சுவீடன் எதற்கு வந்தது என்பதற்கு ஒரு காரணம் தென்படுகிறது. ஐரோப்பாவில் ‘சுவீடன் கசப்பு’ என்ற பெயரில் பழைய மருந்து ஒன்று உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் பிறந்த உர்பான் யார்னே என்ற சுவீடன் மருத்துவரோடு சேர்த்துப் பேசப்படும் தைலம். கற்றாழைப் பால், வெள்ளைப்போளம், குங்குமப்பூ, ரேவல்சின்னி, கிச்சிலிக்கிழங்கு எல்லாம் அதில் சேரும். ஃபெர்னெட்டில் இருப்பதாகத் தெரிந்த சரக்குகளில் இந்த ஐந்துமே இருக்கின்றன. ஆக, பெர்னார்தீனோ வெற்றிடத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊரறிந்த ஒரு வைத்திய மரபை எடுத்து, குடிக்கத் தக்கதாக மாற்றி, பாட்டிலில் அடைத்தார். அதற்கு ஒரு சுவீடன் வைத்தியரைத் தலைப்பாகை மாதிரி கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்ற பகுதிதான் எனக்கு எப்போதும் பிடித்தது. 27 மூலிகைகள் என்று நிறுவனம் சொல்கிறது. முழுப் பட்டியலும் அளவும் ரகசியம். வெளியே தெரிந்தவற்றை வைத்துக்கொண்டு நம்மூர் நாட்டு மருந்துக் கடைக்குப் போனால், பெட்டி பெட்டியாக இழுத்துக் காட்டுவார்கள். கரியபோளம் என்று நாம் சொல்லும் கற்றாழைப் பால் பிசின், தென்னாப்பிரிக்கக் கற்றாழையிலிருந்து எடுப்பது. வெள்ளைப்போளம். சீன தேசத்து ரேவல்சின்னி. சீமைச்சாமந்தி. ஏலக்காய். குங்குமப்பூ. கிச்சிலிக்கிழங்கு. கூடவே சித்தரத்தை, இது இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருவது என்று நிறுவனமே சொல்கிறது. நம் வீடுகளில் தீபாவளி மருந்து கிளறும்போது சுக்கு, திப்பிலி, ஓமத்தோடு இடித்துப் போடுவோமே, அதே சித்தரத்தை. பெருவிருந்துக்குப் பிறகு வயிற்றுக்கு ஒரு உருண்டை என்ற நம் யோசனையும், பெருவிருந்துக்குப் பிறகு ஒரு சின்னக் கிளாஸ் என்ற மிலன்காரர் யோசனையும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. ஒருவர் வெல்லத்தில் கிளறினார், ஒருவர் சாராயத்தில் ஊறவைத்தார்.

நம் கடையில் கிடைக்காத முக்கியச் சரக்கு ஜெண்டியன் வேர். ஆல்ப்ஸ், மத்திய பிரான்ஸ் மலைச்சரிவுகளில் மஞ்சள் பூப் பூக்கும் செடி. அதிலுள்ள அமரோஜெண்டின் என்ற பொருள் இயற்கையில் அறியப்பட்ட மிகக் கசப்பான பொருள்களில் ஒன்று. 5 கோடியே 80 லட்சம் பங்குத் தண்ணீரில் ஒரு பங்கு கலந்தால்கூட நாக்குக்குத் தெரிந்துவிடும் என்பது பாடநூல் கணக்கு. இத்தாலி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து நாடுகளின் கசப்புப் பானங்களில் பாதிக்கு மேல் இந்த வேரின் தயவில்தான் ஓடுகின்றன.

குங்குமப்பூ பற்றி இணையத்தில் ஒரு செய்தி சுற்றுகிறது: உலகத்துக் குங்குமப்பூவில் 75 சதவீதத்தை ஃபெர்னெட் பிராங்காவே வாங்கிவிடுகிறதாம். தயவுசெய்து நம்பாதீர்கள். உலக விளைச்சலில் மிகப் பெரும்பகுதி ஈரானில் விளைகிறது. அங்கே சோற்றிலும், ஸ்பெயினில் பாயேயா என்ற சோற்று உணவிலும், காஷ்மீரில் காவா என்ற தேநீரிலும், இந்தியா முழுக்க இனிப்பிலும் போவதெல்லாம் மிச்சக் கால்பங்குக்குள் அடங்கிவிடுமா? ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 150 பூக்கள் வேண்டும். அவ்வளவு விலையுள்ள சரக்கில் முக்கால் பங்கைப் போட்டுவிட்டு இந்த விலைக்கு ஒரு பாட்டிலை விற்க முடியாது. குங்குமப்பூ சேர்கிறது என்பது உண்மை. மற்றது பார்களில் பிறந்த பெருமை.

செய்முறை கேட்க எளிது. சில மூலிகைகளை ஆல்கஹாலில் குளிர்ச்சியாக ஊறவைக்கிறார்கள், சிலவற்றைச் சூட்டில் கஷாயமாக இறக்குகிறார்கள், எல்லாவற்றையும் கலந்து ஓக் மரப் பீப்பாய்களில் ஒரு வருடமாவது கிடத்துகிறார்கள். இந்த ஒரு வருடம் முக்கியம். புதிதாகக் கலந்த மூலிகைச் சாறு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கத்தும்; பீப்பாயில் கிடந்த பிறகுதான் ஒன்றோடொன்று அடங்கி ஒரே குரலாகும். மிலனில் உள்ள பழைய ஆலையின் நிலவறையில் நூற்றுக்கணக்கான பீப்பாய்கள் இருக்கின்றன. அவற்றில் ‘தாய்ப் பீப்பாய்’ என்று ஒன்று, 1892-இல் செய்தது, 80,000 லிட்டருக்கு மேல் கொள்ளும். ஆலையோடு சேர்ந்த அருங்காட்சியகத்தில் பழைய விளம்பரத் தாள்களும் அரைக்கும் கல்லும் மூலிகைக் குவியல்களும் இருக்கின்றன. மிலனுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால் பார்க்கலாம்.

பாட்டிலில் இருக்கும் கழுகு சும்மா வந்ததல்ல. நிறுவனர் மகன் ஸ்தெஃபானோ இறந்தபின் அவர் மனைவி மரியா ஸ்காலா தொழிலை எடுத்து நடத்தினார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் பெண் ஒருவர் சாராய ஆலைக்குத் தலைமை தாங்குவது சாதாரணக் காரியம் இல்லை. விளம்பரத்தின் பலத்தை அந்தக் குடும்பத்தில் முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர்தான் என்பது என் கணிப்பு. அந்தக் காலக்கட்டத்தில்தான் லெயொபோல்தோ மெத்லிகோவிட்ஸ் என்ற சுவரொட்டி ஓவியர், பூமி உருண்டைக்கு மேல் பாட்டிலைக் காலில் பிடித்துப் பறக்கும் கழுகை வரைந்தார். 1905-இல் அது வணிகச் சின்னமாகப் பதிவானது. எழுத்துத் தெரியாதவரும், இத்தாலிய மொழி தெரியாதவரும், படத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கலாம். ஏற்றுமதிச் சரக்குக்கு இதைவிட நல்ல பெயர்ப்பலகை கிடையாது. (மிலனின் செம்பியோனே பூங்காவில் ஜியோ பொந்தி 1933-இல் வடிவமைத்த 108 மீட்டர் இரும்புக் கோபுரம் ஒன்று பல வருடம் மூடிக் கிடந்தது. அதைப் புதுப்பித்து 2002-இல் திறந்தது இந்த நிறுவனம்தான். இன்று பெயரே பிராங்கா கோபுரம்.)

மருந்து என்ற வேஷம் நிஜமாகவே காசு சம்பாதித்துக் கொடுத்த இடம் அமெரிக்கா. 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு. விஸ்கி, ஜின், ஒயின் எல்லாம் சட்டத்துக்குப் புறம்பு. ஃபெர்னெட்டோ மருந்துக்கடை அலமாரியில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. வயிற்றுக்கோளாறு என்று சொல்லி வாங்கலாம். இதைப் போய் யாரும் இன்பத்துக்காகக் குடிக்கமாட்டார்கள் என்று அதிகாரிகள் நினைத்ததற்கு அதன் ருசியே சாட்சி. கசப்பு காப்பாற்றிய மது என்று உலகத்தில் வேறு எதைச் சொல்ல முடியும் என்று தெரியவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் இத்தாலியர்கள் நிறைய இருந்தார்கள். மதுவிலக்குக்கு முன்பே வேர்விட்ட பழக்கம் அங்கே அறுபடாமல் தொடர்ந்தது. இன்றும் அந்த ஊர் பார்களில் ஒரு சின்னக் கிளாஸ் ஃபெர்னெட்டை ஒரே மடக்காக விட்டு, பின்னாலேயே இஞ்சி சோடா குடிப்பது வழக்கம்.

இனி உங்கள் உறவினர் இருக்கும் நாட்டுக்கு வருவோம், ஏனென்றால் ஃபெர்னெட்டின் நிஜமான வீடு இப்போது அதுதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இத்தாலியிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார்கள். பெட்டியில் என்ன இருந்ததோ இல்லையோ, வயிற்றுக்கு ஒரு பாட்டில் கசப்பு இருந்தது. தேவை பெருகியதும் 1920-களில் புவெனஸ் ஐரிஸிலேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். இன்று அந்நகருக்கு வெளியே தோர்துகீத்தாஸில் பெரிய ஆலை இயங்குகிறது. ஆனாலும் பல தலைமுறைக்கு அது தாத்தாக்களின் பானமாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி விருந்துக்குப் பின் ஒரு மடக்கு, சோடா கலந்து ஒரு மடக்கு, அவ்வளவுதான்.

அதைத் தாத்தாக்களிடமிருந்து பேரன்கள் பிடுங்கிக்கொண்ட இடம் கோர்தொபா. நாட்டின் நடுவில் இருக்கும் பல்கலைக்கழக நகரம். கோக-கோலா அர்ஜென்டினாவுக்கு வந்தது 1942-இல். கொஞ்ச காலத்துக்குப் பிறகு, கோர்தொபா இளைஞர்கள் ஃபெர்னெட்டில் கோலாவை ஊற்றிக் குடிக்கத் தொடங்கினார்கள். முதலில் ஊற்றியவர் யார் என்பதில் அந்த மாகாணத்துக்குள்ளேயே போட்டி உண்டு. அதில் நான் தலையிடுவதாக இல்லை. யார் ஊற்றியிருந்தாலும் வேதியியல் சரியாக வேலை செய்தது. கோலாவின் சர்க்கரை கசப்பின் கூர்மையை மழுக்குகிறது. கோலாவில் ஏற்கனவே உள்ள பட்டை, எலுமிச்சை போன்ற வாசனைகள் மூலிகையோடு ஒத்துப்போகின்றன. கசப்போ கோலாவின் திகட்டலை அறுக்கிறது. தனித்தனியே குடித்தால் ஒன்று மருந்து, ஒன்று சர்க்கரைத் தண்ணீர். சேர்ந்தால் ஒரு கிளாஸோடு நிறுத்த முடியாத பானம். ‘குவார்தேத்தோ’ என்ற அந்த ஊர் நடன இசைக் கச்சேரிகள், கால்பந்து மைதான வாசல்கள், மாணவர் விடுதிகள் என்று பரவியது. நிறுவனம் அதைப் பார்த்து விழித்துக்கொண்டு தொலைக்காட்சியில் விளம்பரம் செய்ய, நாடு முழுக்கப் போய்விட்டது. உலகத்தில் தயாராகும் ஃபெர்னெட்டில் முக்கால் பங்குக்கு மேல் அர்ஜென்டினாவிலேயே தீர்ந்துபோகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. குங்குமப்பூக் கணக்கைப் போலல்லாமல் இதை நம்பலாம்; அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட் அலமாரியைப் பார்த்தவர்கள் சந்தேகப்பட மாட்டார்கள்.

குடிக்கும் முறையிலும் ஒரு நாட்டுப்புற ஒழுங்கு இருக்கிறது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கோலா பாட்டிலைக் குறுக்கே வெட்டி, வெட்டிய விளிம்பு உதட்டைக் கிழிக்காமல் இருக்க லைட்டர் நெருப்பில் லேசாக உருக்கி மழுக்கி, அதிலேயே ஐஸ், ஃபெர்னெட், கோலா மூன்றையும் கலந்து, வட்டமாக நின்று கைமாற்றிக் குடிப்பார்கள். ‘வியாஹேரோ’ என்று அதற்குப் பெயர், அதாவது பயணி. கைக்குக் கை பயணம் போகிறதில்லையா. விகிதத்தைப் பற்றி நண்பர்களுக்குள் சண்டையே வரும். மூன்று பங்கு ஃபெர்னெட்டுக்கு ஏழு பங்கு கோலா என்பது பொதுவான நியாயம். 2020-இல் சர்வதேச பார்டெண்டர் சங்கம் தன் அதிகாரப்பூர்வக் காக்டெயில் பட்டியலில் இதை ‘ஃபெர்னாந்தீத்தோ’ என்ற செல்லப் பெயரோடு சேர்த்துக்கொண்டது. அர்ஜென்டினாவிலிருந்து அந்தப் பட்டியலில் நுழைந்த முதல் காக்டெயில் இதுதான். வெட்டின பாட்டிலில் குடித்தது பட்டியலில் ஏறியதில் கோர்தொபாக்காரர்களுக்குப் பெருமையா எரிச்சலா என்று கேட்டால், இரண்டும் என்பார்கள்.

செக் நாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன். திரியெஸ்தேயில் 1884-இல் தொடங்கிய ஸ்டாக் நிறுவனம் பிறகு பில்சென் நகரத்தில் ஆலை வைத்து 1920-களிலிருந்து ஃபெர்னெட் ஸ்டாக் செய்தது. அது பிராங்காவைவிட மென்மையானது. அங்கே அதைக் கொய்னாக் கசப்புள்ள டானிக் தண்ணீரில் கலந்து குடிக்கிறார்கள். கசப்புக்கு மேல் கசப்பு.

வயிற்றுக்கு நல்லதா? இத்தனை நேரம் சுற்றிவந்ததற்கு இதில் ஒரு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். கசப்பு நாக்கில் பட்டதும் எச்சில் சுரக்கிறது, இரைப்பைச் சுரப்பும் தூண்டப்படலாம். அந்த அளவுக்கு மரபு வைத்தியம் சொன்னதில் பொருள் இருக்கிறது. ஆனால் அந்தக் கசப்பைச் சுமந்து வரும் ஆல்கஹால் எதிர்த் திசையில் இழுக்கிறது. 2010-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சூரிச் ஆய்வாளர்கள் சுவையான ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 20 பேருக்குச் சுவிஸ் பாலாடைக்கட்டி ஃபோண்டூ கொடுத்து, கூடவே சிலமுறை ஒயினும் சிலமுறை பாலில்லாத தேநீரும், பின்னால் சிலமுறை செர்ரிச் சாராயமும் சிலமுறை தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆல்கஹால் கூடக் கூட இரைப்பை காலியாகும் வேகம் குறைந்தது. அது ஃபெர்னெட்டை வைத்துச் செய்த சோதனை இல்லை. என்றாலும் ‘சாப்பிட்ட பிறகு ஒரு மடக்குச் சரக்கு செரிமானத்துக்கு நல்லது’ என்ற ஐரோப்பிய நம்பிக்கை அதில் நன்றாக அடிவாங்கியது. குடித்ததும் வயிறு லேசானது போல் தோன்றுவதற்குப் பெரும்பங்கு புதினா, கற்பூர வாசனையின் குளிர்ச்சியும் ஆல்கஹாலின் தளர்வும் காரணம் என்பது என் எண்ணம்.

கற்றாழைப் பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பேதி மருந்து. அந்த வகை பேதி மருந்துகள் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கப் பாதுகாப்பானவை என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி, 2002-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவற்றைக் கடைகளிலிருந்து விலக்கியது. ஃபெர்னெட்டின் சின்னக் கிளாஸில் அது வாசனைச் சரக்கு அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் மூலிகைதானே என்று நினைத்துக் கிளாஸ் கிளாஸாக ஊற்றினால் மறுநாள் காலை கற்றாழை தன் குணத்தைக் காட்டக்கூடும். முந்தின நாள் போதையின் தலைவலிக்கு இதைக் காலையில் குடிப்பது நல்லது என்று ஒரு மரபு உண்டு. லண்டனில் செயின்ட் ஜான் உணவகத்தின் சமையல் வல்லுநர் ஃபெர்கஸ் ஹெண்டர்சன் இரண்டு பங்கு ஃபெர்னெட்டுக்கு ஒரு பங்கு புதினா மதுவைக் கலந்து ஐஸ் போட்டு இதற்கென்றே ஒரு பானம் சொல்வார். ருசி நன்றாகத்தான் இருக்கும். தலைவலி போகாது, தள்ளிப்போகும்.

சரி, கையில் பாட்டில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

இத்தாலிய முறை: சாப்பாட்டுக்குப் பிறகு 30 மி.லி., அறை வெப்பத்தில், தண்ணீர் சேர்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாக. முதல் மடக்கில் கசப்பு மட்டுமே தெரியும். இரண்டாவதில் புதினா, அதிமதுரம் போன்ற ஒரு இனிப்பு. பொறுமை இருந்தால் மூன்றாவதில் குங்குமப்பூவும் போளமும் தனியே தெரியும். இதைச் சிறு அளவில் எஸ்பிரெஸோ காப்பியில் விட்டுக் குடிப்பவர்களும் உண்டு. பால் காப்பியில் முயற்சி செய்ய வேண்டாம், பொருந்தாது.

அர்ஜென்டினா முறை: உயரமான கிளாஸ் நிறைய ஐஸ், 50 மி.லி. ஃபெர்னெட், மேலே கோலாவை மெதுவாக. வேகமாக ஊற்றினால் பழுப்பு நுரை பொங்கி மேசையில் வழியும். நுரை அடங்கக் காத்திருந்து மீதியை ஊற்ற வேண்டும். டயட் கோலா இதற்கு ஆகாது. சர்க்கரைக்கு இங்கே வேலை இருக்கிறது. கசப்புக்குப் புதியவர்களுக்கு நான் எப்போதும் சிபாரிசு செய்வது இந்த முறையைத்தான்.

காக்டெயில் செய்யத் தெரிந்தவராக இருந்தால் இரண்டு பழைய சரக்குகள் போதும். ஒன்று ஹாங்கி பாங்கி. லண்டன் சவோய் ஹோட்டல் அமெரிக்கன் பாரில் 1903 முதல் தலைமை பார்டெண்டராக இருந்த அடா கோல்மன் என்ற பெண்மணி, சார்ல்ஸ் ஹாட்ரி என்ற நாடக நடிகருக்காகச் செய்தது. ஜின் 45 மி.லி., வெர்மூத் என்ற மூலிகை ஒயினில் சிவப்பு இனிப்பு வகை 45 மி.லி., ஃபெர்னெட் 7.5 மி.லி.; ஐஸில் கலக்கி வடித்து, மேலே ஆரஞ்சுத் தோலைப் பிழிய வேண்டும். இன்னொன்று டொராண்டோ: ரை விஸ்கி 60 மி.லி., ஃபெர்னெட் 7.5, சர்க்கரைப் பாகு 7.5, பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு ஒரு துளி. இரண்டிலும் ஃபெர்னெட் எவ்வளவு குறைவு என்று கவனியுங்கள். பெருங்காயம் போடுவது போல்தான் போட வேண்டும். அளவு மீறினால் மற்ற எதுவும் தெரியாது. பார்டெண்டர்கள் இதன்மேல் வைத்திருக்கும் பாசம் தனிக்கதை. வேலை முடிந்தபின் ஒருவருக்கொருவர் ஊற்றிக்கொள்வது இதைத்தான். நிறுவனம் அவர்களுக்கென்று உலோகக் காசுகள்கூட அச்சடித்துக் கொடுக்கிறது. ஒருவர் காசை மேசையில் வைத்தால் மற்றவர்களும் எடுத்து வைக்க வேண்டும். காசை மறந்து வந்தவர் அன்றைக்கு எல்லாருக்கும் வாங்கித் தர வேண்டும்.

சமையலறையில் இதற்குச் சின்ன வேலைதான். வெனிலா ஐஸ்கிரீம் மேல் ஒரு தேக்கரண்டி நன்றாக இருக்கும், கறுப்புச் சாக்லேட்டோடும் ஒத்துப்போகும். அதற்கு மேல் நான் போகமாட்டேன்.

அடுத்த முறை உறவினரிடம் ஏதாவது கேட்டு வாங்குவதாக இருந்தால் பிராங்காமெந்தா கேளுங்கள். அதே நிறுவனம் 1965-இல் கொண்டுவந்தது. புதினா தூக்கலாக, இனிப்பு கூடுதலாக, ஆல்கஹால் குறைவாக இருக்கும். பாடகி மரியா காலஸ் தொண்டைக்காக ஃபெர்னெட்டில் புதினாவைப் போட்டுக் குடித்ததிலிருந்து அந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். அதையும் டாக்டர் ஃபெர்னெட் இருக்கும் பட்டியலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் போட்டுக் குடிக்கச் சுகமானது.

திறந்த பாட்டிலைப் பற்றிப் பயம் வேண்டாம். ஆல்கஹால் இந்த அளவு இருப்பதால் மூடியை இறுக்கி, வெயில் படாத அலமாரியில் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது; ஃபிரிட்ஜ் தேவையில்லை. கர்ப்பிணிகள், குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தோ சர்க்கரை நோய்க்கான மருந்தோ எடுப்பவர்கள் இதை மூலிகைச் சாறு என்று எண்ணித் தொட வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் யாராவது பாட்டிலைப் பார்த்துவிட்டு ‘கஷாயமா?’ என்று கேட்டால், 39 சதவீதம் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.